'டவுட்' என்று எழுதினேன், பையர் கோபித்துக்கொண்டார்: திருப்பூர் வாசகிக்குப் பதில்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கும் 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிப் படிப்பு, பிறகு ஃபேஷன் டெக்னாலஜியில் பட்டம், நான்கு வருடமாக இதே வேலை. சென்ற மாதம் இங்கிலாந்தில் இருக்கும் பையருக்கு, அதாவது ஆடைகளை வாங்கும் வாடிக்கையாளருக்கு, இவர் அனுப்பிய மெயில் இது:

"டியர் சார், ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட். வி டிஸ்கஸ்டு அபவுட் திஸ் யெஸ்டர்டே. கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக். வி வில் சென்ட் த ஃபிட் சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே."

இரண்டே வரியில் பதில் வந்திருக்கிறது. எங்கள் அளவுப் பட்டியலை நீங்கள் நம்பவில்லையா என்று ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி ஆடை) அனுப்ப மாட்டீர்களா என்று இன்னொன்று. அந்தப் பதிலை ஒரு சீனியர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டி, இந்த மெயிலிலும் பழைய மெயில்களிலுமாக ஆறு தவறுகளை விரல் விட்டு எண்ணியிருக்கிறார். சிலர் சிரித்தார்களாம். அன்றிலிருந்து ஒரு மெயில் எழுத முக்கால் மணி நேரம் ஆகிறது, எழுதி முடித்தாலும் அனுப்பக் கை வரவில்லை என்கிறார் வாசகி.

இரவில் தடிமனான இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார். 45,000 ரூபாய் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா, திருத்தும் மென்பொருளை நம்பிவிடலாமா, மெயிலே எழுத வேண்டாத புரொடக்‌ஷன் பக்கம் மாறிவிடலாமா என்று மூன்று வழிகளைக் கேட்கிறார். 'எ' எங்கே, 'ஆன்' எங்கே என்பது இன்னும் குழப்பமாம். கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "தமிழ் மீடியத்தில் படித்தது எனக்கு நிரந்தரக் குறைதானா?" கடைசியில் ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மெயிலை மூன்று முறை படித்தேன். பல வருடங்களாக ஆங்கிலம் கற்பிப்பதும் அலுவலகக் கடிதங்களைத் திருத்துவதுமே என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்கு டென்ஸ் அட்டவணை தேவையில்லை. அந்த மெயிலில் வினைச்சொற்களின் காலம் ஒன்றுகூடத் தவறவில்லை. தவறியவை நான்கைந்து சொற்கள்தான். அவற்றில் பாதி, தமிழில் சரியாக யோசித்து, அந்த யோசனையை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியதால் வந்தவை. நீங்கள் இரவில் படிப்பது ஒன்று, உங்களுக்குக் கோளாறு இருக்கும் இடம் வேறொன்று.

எல்லாத் தவறுக்கும் ஒரே எடை கிடையாது. சில தவறுகள் பொருளையே மாற்றி ஷிப்மென்ட்டைக் கெடுக்கும். சில நம் நாட்டுக்குள் யாரையும் உறுத்தாது, வெளிநாட்டுக்காரரைக் குழப்பும். சில, தவறே இல்லை. உங்கள் சீனியர் மூன்றையும் ஒரே கூடையில் போட்டு எண்ணிவிட்டார்.

வெள்ளி வரையா, வெள்ளிக்குள்ளா?

முதல் வகையில் வருவது 'அன்டில்'. உங்கள் மெயிலில் ஆபத்தான சொல் அதுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருத்தாமல் விட்டிருந்தாலும் வேலை ஓடியிருக்கும். தமிழில் இந்த வேறுபாடு உங்களுக்கு நன்றாகவே தெரியும். "வெள்ளி வரை அனுப்புவோம்" என்றால் தினமும் அனுப்பிக்கொண்டே இருந்து வெள்ளியோடு நிறுத்திவிடுவோம் என்று பொருள். "வெள்ளிக்குள் அனுப்பிவிடுவோம்" என்றால் அதுதான் கெடு. 'வரை' என்பதற்கு 'அன்டில்', 'க்குள்' என்பதற்கு 'பை'. நீங்கள் எழுத வேண்டியிருந்தது "பை ஃப்ரைடே". பையர் கேட்ட கேள்வியில் கேலி எதுவும் இல்லை. உங்கள் வாக்கியம் சொன்னதை அப்படியே புரிந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

இனி கெடு எழுதும்போது மனதுக்குள் ஒரு முறை தமிழில் சொல்லிப் பாருங்கள். 'க்குள்' வந்தால் 'பை'. "ஐந்து நாளைக்குள்" என்று கால அளவு வந்தால் 'வித்தின் ஃபைவ் டேஸ்'. அதையே "இன் ஃபைவ் டேஸ்" என்று எழுதினால் ஐந்து நாள் கழித்து என்று எடுத்துக்கொள்பவர்களே அதிகம்.

தேதிக்கும் இதே கவனம் வேண்டும். புதிதாக ஒரு அமெரிக்க பையர் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 05/06 என்று நீங்கள் எழுதினால் நமக்கும் இங்கிலாந்துக்கும் அது ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. ஒரு மாத வித்தியாசம், அதில் எந்த இலக்கணப் பிழையும் இல்லை. மாதத்தை எண்ணில் எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், '5 ஜூன்' என்று எழுத்தில் எழுதுங்கள். அப்படியே 'டூ லேக் பீசஸ்' என்பதையும் 200,000 என்று எண்ணிலேயே போட்டுவிடுங்கள். லட்சமும் கோடியும் அங்கே புழக்கத்தில் இல்லை, 2,00,000 என்று நாம் காற்புள்ளி வைக்கும் முறையும் அவர்களுக்குப் பழக்கமில்லை.

நம் ஊரில் சரி, கடல் தாண்டினால் சிக்கல்

'டவுட்' விஷயத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் நோகடித்தது இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. மரியாதையாகத்தானே கேட்டேன் என்கிறீர்கள். உண்மைதான். தமிழில் 'சந்தேகம்' இரண்டு வேலை செய்யும். "அவன் மேல் சந்தேகம்" என்றால் நம்பிக்கையின்மை. "கணக்கில் ஒரு சந்தேகம்" என்றால் விளங்காத இடம், கேள்வி. 'மேல்' போட்டால் ஒன்று, 'இல்' போட்டால் இன்னொன்று என்று நாம் யோசிக்காமலே பிரித்துக்கொள்கிறோம். "சார், ஒரு டவுட்" என்று வகுப்பில் கையைத் தூக்கி வளர்ந்த நாம், அந்த இரண்டாவது சந்தேகத்தையும் 'டவுட்' என்ற சொல்லில் ஏற்றிவிட்டோம். இந்தியா முழுவதும் இப்படித்தான் பேசுகிறார்கள், இங்கே யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'டவுட்' பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே செய்கிறது. "உங்கள் அளவுப் பட்டியல் மேல் எனக்குச் சந்தேகம்" என்று அந்த பையர் படித்திருக்கிறார். யாராக இருந்தாலும் முகம் சுளிக்கத்தானே செய்வார்?

அதற்குப் பதில் "ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் த மெஷர்மென்ட் சார்ட்" போதும். அதோடு எந்த அளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தோள்பட்டையா, கை நீளமா என்று.

'ரிவர்ட்' இதே கதைதான், ஆனால் உங்கள் தொழிலில் இது இன்னும் விபரீதம். நமக்கு 'ரிவர்ட்' என்றால் பதில் அனுப்புவது. அந்தச் சொல்லின் பரவலான பொருளோ பழைய நிலைக்குத் திரும்புவது. ஃபிட் சாம்பிளில் காலரை இரண்டு முறை மாற்றிய பிறகு "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த காலர்" என்று எழுதினால், முதலில் இருந்த காலருக்கே திரும்பச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 'ரிப்ளை' என்று எழுதுங்கள். பின்னால் 'பேக்' தேவையில்லை.

'டூ த நீட்ஃபுல்' தவறல்ல. வெள்ளைக்காரர் காலத்து அலுவலகக் கடிதங்களிலிருந்து நம்மிடம் தங்கிவிட்ட தொடர் அது, அவர்கள் அதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் இருக்கும் குறை வேறு: என்ன செய்ய வேண்டும் என்பதையே அது சொல்வதில்லை. திருத்திய சார்ட்டை அனுப்ப வேண்டுமா, பழையதை உறுதிப்படுத்த வேண்டுமா? அதை எழுதுங்கள்.

'ப்ரீபோன்' (தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிய சொல் அது, வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டில் பலருக்குத் தெரியாது என்பதால் புதிய தேதியைக் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.

'டிஸ்கஸ் அபவுட்' மட்டும் நேரடியான இலக்கணப் பிழை. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதில் இருக்கும் 'பற்றி' அங்கே 'அபவுட்' ஆகிவிட்டது. 'டிஸ்கஸ்' என்பதைப் 'பேசு' என்று நினைக்காமல் 'அலசு' என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை அலசினோம், "வி டிஸ்கஸ்டு இட்". 'பற்றி'க்கு இடமே இல்லை. இந்தத் தவறால் யாருக்கும் எதுவும் தவறாகப் புரிந்துவிடாது, திருத்திக்கொண்டால் நல்லது.

காலம் தவறிய இடம் ஒன்று அந்த மெயிலின் வாசகத்துக்கு வெளியே, நீங்களே கவனிக்காமல் இருக்கிறது. உங்கள் மெயிலின் கீழே போடும் அறிமுக வரியில் "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்" என்று இருக்கிறது. "நாலு வருஷமா வேலை பார்க்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் அப்படிச் சொல்லாது. அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது என்பதற்கு அவர்களிடம் தனி வடிவம் உண்டு: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்". "இவ்வளவு காலமாக" என்றால் 'ஃபார்'. "இந்த நாளிலிருந்து" என்றால் 'சின்ஸ்'. நாலு வருஷமாக, ஃபார். சேர்ந்த நாளிலிருந்து, சின்ஸ்.

சீனியர் சொன்னதில் இரண்டு தவறு

"விச் ஃபேப்ரிக் ஆர் யூ ரெஃபெரிங் டு?" என்று எழுதியதற்காக, வாக்கியத்தை பிரிபொசிஷனில் ('டு', 'இன்' போன்ற சொல்லில்) முடிக்கக் கூடாது என்று திருத்தினார் அல்லவா? உங்கள் வாக்கியம் முழுக்கச் சரி. அவர் சொன்ன விதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், தமக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சன் இப்படி முடித்ததைக் குறையாகச் சொன்னார். லத்தீன்தான் உயர்ந்த மொழி என்று எண்ணிய காலம் அது. லத்தீனில் பிரிபொசிஷன் கடைசியில் தனித்து நிற்க முடியாது, ஆகவே ஆங்கிலத்திலும் கூடாது என்பதே இந்த வாதத்தின் அடிப்படையாக இருக்கலாம். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத், முறையான எழுத்தில் தவிர்ப்பது நல்லது என்றாலும் இது ஆங்கிலத்துக்கு இயல்பான வழக்கு என்று ஒப்புக்கொண்டார். 1926-இல் சொல்வழக்கு அகராதி வெளியிட்ட ஃபவுலர் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த விதி பள்ளிகளில் உலவுகிறது, உங்கள் மீட்டிங் அறை வரை வந்திருக்கிறது.

'பட்', 'அண்ட்' போன்ற சொற்களால் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்பதும் அப்படித்தான். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தில் வசனத்துக்கு வசனம் 'அண்ட்' என்றுதான் தொடங்கும். ஒரே மெயிலில் நான்கு வாக்கியங்கள் 'பட்' என்று தொடங்கினால் படிக்க அலுக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் முழுவதும் ஓர் எண்ணம் ஓடுகிறது: சரியான ஆங்கிலம் எது என்று யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், அந்தப் பட்டியல் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று. அப்படி ஒரு பட்டியல் கிடையாது. பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் ஓர் அகாடமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712-இல் கோரிக்கை வைத்தார், நடக்கவில்லை. அகராதிக்காரர்கள் மக்கள் எழுதுவதைத் தேடிப் பதிவு செய்கிறார்கள். ஆகவே ஒரு சொல் சரியா என்று கேட்கும்போது, யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கோயம்புத்தூர் சப்ளையருக்கு 'ரிவர்ட்' போகலாம், லண்டனுக்கு வேண்டாம்.

தமிழ் மீடியம் குறையா என்பதற்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று எழுதப் படித்திருப்பீர்கள், உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்'. 'ஆன்' அதே வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்தால் குழப்பம் வரும், ஒலியைத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். 'எல்சி' (லெட்டர் ஆஃப் கிரெடிட்) உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஆன் எல்சி. 'இன்வாய்ஸ்', ஆன் இன்வாய்ஸ். 'யூகே பையர்' என்பதில் முதலில் நிற்பது 'ய', எனவே எ யூகே பையர். 'யூனிட்', 'யூரோப்பியன்' எல்லாமே 'எ'. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் ஹெச் எழுத்து இருந்தாலும் ஒலி 'அவர்' என்றுதான் தொடங்கும், ஆன் அவர். 'ஒர்க்', 'ஒன்' போன்ற சில சொற்கள் மட்டும் நம் எழுத்தில் ஏமாற்றும். 'ஒன்' என்பதன் உச்சரிப்பு 'வன்' என்பதால் 'எ ஒன்-வீக் டிலே'. ஆங்கில வழியில் படித்தவர்கள் ஸ்பெல்லிங்கைப் பார்த்துத் தடுமாறும் இடத்தில் உங்களிடம் நல்ல அளவுகோல் இருக்கிறது.

வகுப்பு, மென்பொருள், வேலை மாற்றம்

45,000 ரூபாய் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் சிக்கல் எழுத்தில் இருக்கிறது, ஸ்போக்கன் வகுப்பு பேச்சுக்கு. வீடியோ காலில் பேசத் தயங்குகிறீர்கள் என்றால் அது வேறு, அப்போது பேச்சு வகுப்பால் பலன் உண்டு. அப்படிச் சேர்ந்தாலும் முழுத் தொகையையும் முதல் நாளே கட்டிவிடாதீர்கள். இரண்டு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ரசீது கேளுங்கள். 30 நாளில் சரளம் என்று உத்தரவாதம் தரும் இடத்துக்குப் போகவே வேண்டாம். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மென்பொருளைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்து பயன்படுத்துங்கள். 'டிஸ்கஸ் அபவுட்' அதன் கண்ணில் பட்டுவிடும். 'அன்டில் ஃப்ரைடே' தப்பிவிடலாம், ஏனென்றால் இலக்கணப்படி அந்த வாக்கியம் சரி. நீங்கள் மனதில் நினைத்தது 'பை' என்று அதற்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, பையரின் விலையும் டெக் பேக்கும் (ஆடையின் முழுத் தயாரிப்பு விவரம்) இருக்கும் மெயிலை இலவசத் தளத்தில் ஒட்டாதீர்கள். பையரோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தால் அது மீறலாகிவிடும். முதலில் நிறுவனத்தில் கேளுங்கள்.

புரொடக்‌ஷன் பக்கம் மாறுவதை, அந்த வேலை பிடித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். ஒரு மெயிலுக்காக நான்கு வருட அனுபவத்தை விட்டுப் போவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

சீனியர் செய்தது சரியில்லை. அவர் சொன்ன திருத்தங்களில் நல்லவை இருந்தன, சொன்ன இடம் தவறு. மேலாளரிடம் தனியாக, அமைதியாகப் பேசுங்கள்: "திருத்தங்களை வரவேற்கிறேன், தனியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்." கூடவே ஒரு மாதத்துக்கு முக்கியமான மெயில்களை அனுப்பும் முன் பார்த்துத் தர ஒருவரைக் கேளுங்கள். மறுபடியும் எல்லோர் முன்னாலும் அவமானம் தொடர்ந்தால் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு ஹெச்ஆரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு, இரவு 15 நிமிடம் உங்கள் பையர்கள் அனுப்பிய பழைய மெயில்களைத் திறந்து படியுங்கள். அவர்கள் கெடுவை எப்படிச் சொல்கிறார்கள், மறுப்பை எப்படி நாசூக்காக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பிடித்த வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் மெயிலையும் ஒரு முறை திருத்தி எழுதித் தருகிறேன், முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

"ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் த ஷோல்டர் மெஷர்மென்ட் வி டிஸ்கஸ்டு யெஸ்டர்டே. குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் விச் ஃபிகர் வி ஷுட் ஃபாலோ? வி வில் சென்ட் த ஃபிட் சாம்பிள்ஸ் பை ஃப்ரைடே, 5 ஜூன்."

பின்குறிப்புக்குப் பதில்

அமெரிக்க பையரின் குவாலிட்டி மேனேஜர் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, ஒவ்வொரு முறையும் 'ஹி ஆர் ஷி' என்று எழுதுவது அசிங்கமாக இருக்கிறது, ஒருவரை 'தே' என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். யார் என்று தெரியாத ஒருவரை 'தே' என்று குறிப்பது 14-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் உண்டு, ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு இது அந்நியமும் இல்லை. 'வந்தார்' என்பதில் இருக்கும் 'ஆர்' பலரைக் குறிக்கும் விகுதிதானே? அதை ஒரே ஆளுக்கு மரியாதையாகப் போடுகிறோம். 'மேனேஜர் வந்தார்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மெயிலின் தொடக்கத்தில் 'டியர் சார்' வேண்டாம், 'டியர்' போட்டு அவருடைய முழுப் பெயரை எழுதுங்கள். உள்ளே 'தே' வரும் இடத்தில் வினையை மட்டும் கவனியுங்கள். 'அவர்' என்று தொடங்கி 'வந்தான்' என்று முடிக்க மாட்டோம் அல்லவா, அதுபோல 'தே இஸ்' வராது, 'தே ஆர்' என்றுதான் வரும்.